பாலை, அறை எண் ஐந்து

பதினோரு நாளாய் மடிப்பாக்கத்துக்கு லாரி வரவில்லை.
பன்னிரண்டாம் நாள்
துவைத்த துணி ஒரு பையில்,
துவைக்காதது இரண்டு பையில்,
வேப்பேரியில் வந்து அறை கேட்டேன்.
உள்ளூரில் வீடிருக்க எதற்கு அறை என்று
டெல்ஃபின் டிகுரூஸ் கேட்கவில்லை.
அந்த வாரத்தில் நான் மூன்றாவது உள்ளூர்க்காரி.

நூற்றிருபது வயதாம் வீட்டுக்கு.
மருந்து இறக்குமதி செய்தவர் கட்டியது,
பிறகு ஓவியர்கள் வாடகை தராமல் இருந்தது,
இப்போது படுக்கையும் காலை உணவும்.
வாடகைக்குப் பதிலாக அவர்கள் விட்டுப்போனவை
ஐந்து அறைகளில் ஐந்து சுவர்கள்,
சுவருக்கு ஒரு திணை.

குறிஞ்சியில் பிரான்சிலிருந்து ஒரு ஜோடி.
முல்லையில் ஒருவர்
யாருடைய போனுக்கோ காத்திருந்தார்.
மருதத்தில் கல்யாணமாகி ஆறு மாதமானவர்கள்
கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டார்கள்.
நெய்தலில் ஏசி வேலை செய்யவில்லை.
"பாலை இருக்கு, இருநூறு ரூபாய் கம்மி.
யாரும் கேட்டு வாங்கறதில்ல" என்று
சாவியை நீட்டினார்.

மணல் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
இல்லை. நம்முடைய பாலையில் மணல் எதற்கு?
காய்ந்துபோன ஒரு காடு,
கள்ளி, வெடித்த தரை,
இலையில்லாத கிளையில் ஒரு பருந்து,
தூரத்தில் போகிற ஒருவன், முதுகு மட்டும்.
ஒட்டகம் எங்கே என்று கேட்பவர்களுக்காக
மேசைமேல் ஒரு மர ஒட்டகம் வைத்திருந்தார்கள்.
அதற்கு ஒரு காது உடைந்திருந்தது.

குளியலறையில் ஒரு சின்னப் பலகை,
ஓரமெல்லாம் மீன் வரைந்து:
ஒருவருக்கு ஒரு வாளி. மன்னிக்கவும்.

பாலைக்கு உரியது பிரிவு என்று
பத்தாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.
பொருள் தேடிப் போவான் என்று எழுதினேன்.
லாரி வராததால் போவது பாடத்தில் இல்லை.
சேந்தன் மகளைக் கூட்டிக்கொண்டு
கரூருக்குப் போய் ஒன்பது நாள்.
தினமும் இரவு எட்டரைக்குப் போன்.
"தண்ணி வந்துச்சா?"
"இல்ல."
"சரி."
அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பது
எங்கள் இருவருக்கும் வசதியாக இருந்தது.

விளக்கை அணைக்கப் போனபோதுதான் பார்த்தேன்.
ஓவியத்தின் குறுக்கே
கட்டிலுக்கு ஒரு சாண் மேலே
நூல் பிடித்தாற்போல் ஒரு பழுப்புக் கோடு.
நான்கு வருடம் முன்பு
ஏரிகள் எல்லாம் ஒரே ராத்திரியில் ஊருக்குள் வந்தபோது
இந்த அறையில் தண்ணீர் நின்ற உயரம்.
திருத்த வந்த பையன் கூலி அதிகம் கேட்டானாம்,
அப்படியே விட்டுவிட்டார்கள்.
கோடு அவன் முழங்காலில் ஓடுகிறது.
வெடித்த நிலத்தில்
முழங்கால் ஆழத் தண்ணீரில்
திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருக்கிறான்.
தூக்கம் வரும்வரை
அவனைக் கூப்பிடவா வேண்டாமா என்று கிடந்தேன்.

காலையில் ஆப்பம், தேங்காய்ப்பால்.
தம்ளர் பாதிதான் தருவார்கள், கேட்டால் மீதி.
கிணற்று மோட்டார் காற்றை இழுத்து இருமியது.
எட்டு மணிக்கு எங்கள் வாட்ச்மேன் அய்யாப்பிள்ளை:
"மேடம், லாரி வந்துடுச்சு.
உங்க டேங்க்ல பாதி ரொப்பியாச்சு.
அக்கம்பக்கம் எடுக்கறதுக்குள்ள வந்துடுங்க."

துவைக்காத பைகளைப் பார்த்தேன்.
மகளின் பச்சைப் பாவாடை மேலே இருந்தது,
மாங்காய்க் கறையோடு.
கீழே போய் இன்னொரு இரவு வேண்டும் என்றேன்.
"குறிஞ்சி பத்து மணிக்குக் காலி,
மாத்திக்கறீங்களா?"
வேண்டாம், ஐந்தே இருக்கட்டும்.

ஒரு வாளியில் பாதி எனக்கு,
பாதி அந்தப் பாவாடைக்கு.
ஜன்னல் கம்பியில் போட்டது
பதினைந்து நிமிடத்தில் காய்ந்தது.
கறை போகவில்லை.

எட்டரைக்குப் போன் வந்தது.
"தண்ணி வந்துச்சா?"
பருந்து அதே கிளையில்.
ஒட்டகத்தைக் கையில் எடுத்து
உடைந்த காதைத் தடவிக்கொண்டே
இல்ல என்றேன்.